அப்பா கப்பலில் வந்தார், அம்மா படகில் வந்தார்: நான் எந்த நாடு?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவின் குடும்பம் 1973-ல் இலங்கையின் பண்டாரவளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்திய பாஸ்போர்ட்டோடு கப்பலில் இங்கே வந்தது. அம்மாவின் குடும்பம் தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு இலங்கையின் மலையகத் தோட்டப் பகுதியிலிருந்து வடக்கே வவுனியாவுக்குப் போனது. 1984-ல் மன்னாரில் படகேறி வந்து மண்டபம் அகதி முகாமில் பதிவு செய்துகொண்டது. அம்மாவுக்கு அப்போது 12 வயது. வாசகி 1993-ல் பிறந்தவர், தம்பி 2005-ல். இருவரும் பிறந்தது கோத்தகிரியில். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர், "நீங்க சிலோன் அகதிதானே, முகாம் அட்டை எங்கே?" என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டாராம். அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டைக் கரையான் தின்றுவிட்டது. இனி என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில் உங்கள் மனக்கவலை தீரட்டும். நீங்கள் இந்தியக் குடிமகள்தான். 1987 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு, 2004 டிசம்பர் 3-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவருக்கு, பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும் என்கிறது 1955 குடியுரிமைச் சட்டம். உங்கள் அப்பா அகதியாக வரவில்லை. இந்தியக் குடியுரிமை பெற்ற பிறகுதான் கப்பலே ஏறினார். ஆகவே அம்மாவின் முகாம் பதிவு உங்கள் விஷயத்தில் குறுக்கே வராது. அடுத்த விண்ணப்பத்தில் 'குடியுரிமை எவ்வழி' என்ற இடத்தில் 'பிறப்பால்' என்று குறியுங்கள். 'பதிவால்' என்பது அப்பாவுக்கு உரியது, உங்களுக்கு அல்ல. இதை மாற்றிக் குறித்துவிட்டு அலைகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

விசாரணைக்கு வந்தவருக்குக் குழப்பம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. கப்பலில் வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. படகில் வந்தவர்கள் 'அகதிகள்'. 2021-ல் தமிழக அரசு அகதி முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. நல்ல நோக்கம்தான், அகதி என்ற சொல் சுடும். ஆனால் கப்பலில் வந்தவர்களுக்கு வேலையும் வீடும் கொடுத்த திட்டங்களுக்கும் பல ஆண்டுகளாக 'மறுவாழ்வு' என்றுதான் பெயர். இப்போது இரண்டு கூட்டமும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டதால், கோப்பைத் திறந்து பார்க்காதவருக்கு எல்லோரும் ஒன்றாகத் தெரிகிறார்கள்.

'தாயகம் திரும்பியோர்' என்பதும் நேர்மையான சொல் அல்ல. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இலங்கை 4 பேருக்குக் குடியுரிமை கொடுத்தால் இந்தியா 7 பேரை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று விகிதம் வேறு. தேயிலைப் பெட்டிக்குப் போடுகிற கணக்கு மாதிரி இருக்கிறது. அந்த மக்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல இது. தொழிற்சங்கத் தலைவர் தொண்டைமான் எதிர்த்தார், பலிக்கவில்லை. உங்கள் அப்பா அங்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். கண்ணால் பார்த்திராத ஊருக்கு வந்து இறங்கியவரை 'திரும்பி' வந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இன்று உங்களுக்குக் கைகொடுக்கப் போவது அந்தச் சொல்தான். அது எழுதியிருக்கிற காகிதங்களைத் தேடுங்கள். பாஸ்போர்ட் போனால் போகட்டும். வரும்போது குடும்பத் தலைவர் பெயரில் ஒரு 'குடும்ப அட்டை' கொடுத்திருப்பார்கள். ரேஷன் அட்டையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். குடும்பத்தில் யார் யார், எந்த மறுவாழ்வு உதவிக்குத் தகுதி என்பதெல்லாம் அதில் இருக்கும். அதுவும் இல்லையென்றால், தாத்தாவோ அப்பாவோ தமிழக அரசின் தேயிலை நிறுவனமான டான்டீயில் வேலை பார்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நீலகிரியில் அந்த அரசுத் தேயிலைத் தோட்டங்களைப் போட்டதே இவர்களுக்காகத்தான், அதனால் பணிப் பதிவேட்டில் விவரம் இருக்க வாய்ப்பு அதிகம். 1969-ல் தொடங்கிய ரெப்கோ வங்கியும் பர்மா, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக உருவானதுதான். அதில் வீட்டில் யாராவது உறுப்பினராக இருந்திருந்தால் அதுவும் நல்ல துணை ஆதாரம்.

அப்புறம், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் சென்னையிலுள்ள மறுவாழ்வு ஆணையரகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனியாக மனு போடுங்கள். தாத்தா பெயர், தோட்டத்தின் பெயர், வந்த ஆண்டு, முதலில் குடியமர்த்திய இடம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 'குடும்ப அட்டைப் பதிவின் நகல்' வேண்டும் என்று கேளுங்கள். 'எங்களைப் பற்றிய விவரம் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் 'இல்லை' என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு விதி இறுகிவிட்டது. பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா இல்லாமல் படகில் வந்தவரை அதிகாரிகள் அந்தச் சொல்லில்தான் அடைக்கிறார்கள். ஒரே அப்பா அம்மா, ஒரே ஊர், ஆனால் அக்கா இந்தியர், தம்பி கேள்விக்குறி. சட்டம் இப்படித்தான் இருக்கிறது, நான் இனிப்புத் தடவிச் சொல்ல முடியாது.

ஆனாலும் ஒரு வாசல் உண்டு. அம்மாவின் அப்பா அந்த 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தாரா? 1984-ல் போரால் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றபோது, இந்தியக் குடியுரிமை கையில் இருந்தும் வர முடியாமல் ஏராளமானோர் அங்கே மாட்டிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்களில் சிலரும் வேறு வழியின்றிப் படகில் வந்து 'அகதி' என்று பதிவானார்கள். அந்தத் தாத்தாவுக்கு இந்தியத் தூதரகம் கொடுத்த பதிவுச் சான்றிதழில் பிள்ளைகளின் பெயர்களும் இருந்தால், உங்கள் அம்மா அகதியே இல்லை, அன்றே இந்தியர். அது நிரூபணமானால் தம்பியின் கேள்வியும் தீர்ந்துவிடும்.

முகாமில் பிறந்தவர்களே வென்ற வழக்கு உண்டு. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர் என்பதால் பாஸ்போர்ட் தரச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. உங்கள் தம்பிக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. 'முகாம்' என்று கேட்டதும் ஒதுங்கிக்கொள்கிற அதிகாரிக்கு எடுத்துக்காட்ட மட்டும் உதவும்.

ஒரு எச்சரிக்கை. தம்பியின் பிறப்பை யாராவது சென்னை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து வைத்திருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். முகாம் குடும்பங்களில் அது சகஜம். பதிந்திருந்தால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அதை மறைக்க வேண்டாம், விண்ணப்பிக்கும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்கள் விண்ணப்பத்தைத் தம்பிக்காக நிறுத்தி வைக்காதீர்கள், இரண்டும் வேறு வேறு கோப்புகள். மண்டபத்திலோ வேறு முகாமிலோ தாய்மாமன், சித்தி யாராவது இருந்தால் இந்த வாரமே போய், தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.