கமிஷன் மட்டும்தான் சம்பளமா? - ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் தர்மபுரி பக்கம், பி.காம் முடிச்சிட்டு பெங்களூர் வந்து ஈஜிபுராவுல பிஜில தங்கியிருக்கேன். ஒரு ஏஜென்சி மூலமா குழந்தைங்க படிப்புக்கு டொனேஷன் சேர்க்கிற வேலை. சர்ச் ஸ்ட்ரீட், ஜெயநகர் 4வது பிளாக்னு எங்க போடுறாங்களோ அங்க டேப்லட்டோட நிக்கணும். ஃபிக்ஸட் சம்பளம் கிடையாது. யாராவது மாசாமாசம் தர்றேன்னு சைன் பண்ணா கமிஷன், அவங்க மூணு மாசத்துக்குள்ள நிறுத்திட்டா அதையும் புடிச்சிக்குவாங்க. காலை மீட்டிங்ல முந்தின நாள் ஒண்ணும் கொண்டு வராதவங்கள எழுப்பி நிக்க வெச்சி உன் மைண்ட்செட் சரியில்லங்கிறாங்க. டீம் லீடர் ஆயிட்டா காசு கொட்டுமாம். இப்ப பிஜி வாடகையே அம்மாகிட்டதான் வாங்குறேன். எனக்குத்தான் பேச வரலையா, இல்ல இந்த வேலையே இப்படித்தானா? பேர் போடாதீங்க.

தம்பி,

பேச வராதவர் எழுதின கடிதம் மாதிரி இது எனக்கு தெரியல. ரோட்ல உங்க முன்னாடி நிக்கிறவங்க பக்கம் இருந்து கொஞ்சம் பாருங்க. கேக்குற விஷயம் நல்லதுதான், அவங்களும் தலையாட்டி கேக்குறாங்க, ஆனா கடைசில நீங்க கார்டு நம்பரும் ஓடிபியும் கேக்கணும். முன்பின் தெரியாதவங்ககிட்ட ஓடிபி சொல்லாதீங்கன்னு பேங்க்ல இருந்து போலீஸ் வரைக்கும் தினமும் சொல்லிட்டு இருக்கிற ஊர்ல அந்த இடத்துல கை பின்னாடி போகத்தான் செய்யும். அதையும் தாண்டி ஒருத்தர் சைன் பண்ணிட்டார்னு வைங்க. கார்டு, யூபிஐல மாசாமாசம் தானா பணம் எடுக்கிற மேண்டேட்டுக்கு 2021 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் பேங்க் விதி என்னன்னா, பணம் எடுக்க குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி கஸ்டமருக்கு மெசேஜ் போகணும், வேண்டாம்னா நிறுத்திக்க வழியும் குடுக்கணும். கஸ்டமருக்கு அது நல்ல விதி. ஆனா மாசக் கடைசில மெசேஜ பாத்துட்டு அவர் நிறுத்தினா உங்க கமிஷன்தானே போகுது, இதுல உங்க மைண்ட்செட் எங்க வருது?

எனக்கு நிஜமா கோவம் வர்ற இடம் வேற. நீங்க நாள் முழுக்க நிக்கிறதுக்கு ஏஜென்சிக்கு ஒரு ரூபா செலவில்ல. தினக்கூலி குடுக்கணும்னா, இன்னிக்கு மழை வரும் வேண்டாம், இந்த ரோட்ல மதியம் ஆள் நடமாட்டமே இல்ல அங்க போடாதீங்க, ஒரே எடத்துல நாலு பேர் எதுக்குன்னு அவங்களே யோசிப்பாங்க. இப்ப யோசிக்கத் தேவையே இல்ல, ஆள கொண்டு போய் நிறுத்தினா கெடச்சா லாபம், கெடைக்கலன்னா நஷ்டம் உங்க அம்மாவுக்கு. டீம் லீடருக்கும் கீழ இருக்கிற பசங்க கொண்டு வர்றதுல பங்கு இருக்கும், அதனால அவருக்கு நீங்க நிலைக்கிறத விட புதுசா ஆள் வந்துட்டே இருக்கிறதுதான் முக்கியம், ஃப்ரெஷர்ஸ் வாக் இன்னு விளம்பரம் ஓயாம வர்றது அதுக்குத்தான்.

நல்ல காரியம்தானேன்னு மனசு இழுக்கும், புரியுது. அந்த பிள்ளைங்க படிக்கணும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதே தொண்டு நிறுவனத்துல கணக்கு எழுதுறவங்களுக்கு சம்பளம் இருக்கு, நோட்டீஸ் அடிச்ச பிரஸ்ஸுக்கு பில் போகுது, வெயில்ல நிக்கிற உங்களுக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது?

சட்டம் உங்களை அப்படியே விட்டுடல. 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துலயே செய்யுற வேலை அளவுக்கு கூலி வாங்குறவங்களுக்கும் இதுக்கு கீழ குடுக்கக்கூடாதுன்னு ஒரு அளவு உண்டு. இப்ப அதுக்கு பதிலா வந்திருக்கிற 2019 ஊதிய சட்டத் தொகுப்புலயும் அது இருக்கு. அதுல இருந்து நழுவத்தான் நிறைய ஏஜென்சிங்க ஆஃபர் லெட்டர்ல ஊழியர்னு போடாம அசோசியேட், இண்டிபெண்டன்ட் கன்சல்டன்ட்னு போடுவாங்க, பிஎஃப் இஎஸ்ஐ எதுவும் இருக்காது. உங்க பேப்பர்ல என்ன போட்டிருக்குன்னு முதல்ல பாருங்க. ஆனா பேப்பர்ல இருக்கிறது மட்டுமே முடிவில்ல, எத்தனை மணிக்கு வரணும், எந்த ரோட்ல நிக்கணும், லீவு போட்டா என்ன ஆகும்னு எல்லாத்தையும் அவங்களே தீர்மானிச்சா நீங்க சொந்தமா தொழில் பண்றவர் இல்லன்னு வாதாட அதுவே ஆதாரம். டைரி சர்க்கிள்கிட்ட பன்னேர்கட்டா ரோட்ல கார்மிக பவன் இருக்கு, தொழிலாளர் துறை ஆபீஸ், அங்க போய் கேளுங்க. கன்னடம் பேசுற ஃப்ரெண்ட் யாரையாவது கூட்டிட்டு போனா வேலை சுலபமா நடக்கும்.

இந்த வேலையே வேணும்னா ஏஜென்சி இல்லாம நேரடியா ஃபிக்ஸட் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிற தொண்டு நிறுவனங்களும் இருக்கு, ரோட்ல நின்னு பேசின அனுபவம் அங்க எடுபடும். இன்டர்வியூல ஃபிக்ஸட் எவ்வளவு, டோனர் நிறுத்தினா பிடித்தம் உண்டா, இந்த ரெண்டையும் கேட்டு மெயில்ல வாங்குங்க. மெயில்ல தர மாட்டேன்னா கெளம்பி வந்துடுங்க.

அம்மாகிட்ட இந்த வாரமே உள்ளத சொல்லிடுங்க தம்பி, வாடகை குடுக்குறவங்களுக்கு தெரியணும். அப்புறம் ராஜினாமா சொல்றதுக்கு முன்னாடி அந்த டீம் வாட்ஸாப் குரூப்ப முழுசா எக்ஸ்போர்ட் பண்ணி உங்க மெயிலுக்கு அனுப்பி வெச்சிக்கோங்க, இன்னிக்கு எங்க நிக்கணும், யார் லேட்டுன்னு போட்ட மெசேஜ் எல்லாம் அதுலதான் இருக்கு, போறேன்னு சொன்ன அன்னிக்கே குரூப்ல இருந்து எடுத்துடலாம், அதுக்கு முன்னாடியே ஒரு காப்பி உங்ககிட்ட பத்திரமா இருக்கட்டும்.