சண்டையைத் தணித்தால் கதையும் தணியுமா?

வாசகர் கேள்வி – பதில்

கதையை முதன்மையாகக் கொண்ட பாத்திரமேற்பு விளையாட்டுகளை, அதாவது கதையில் வரும் ஒருவராக நாமே நின்று ஆடும் கணினி விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அவற்றைத் தொடங்கும்போதே "எப்படி ஆட விரும்புகிறீர்கள்?" என்று திரையில் வரும் தெரிவுகளைக் குறித்து வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஐந்து கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். 'விட்சர் 3' விளையாட்டை இன்னும் முடிக்காதவர்கள் முதற் பதிலைப் பின்னர் வாசிப்பது நல்லது.

கேள்வி (மல்லாவியிலிருந்து ஓர் உயர்தர வகுப்பு மாணவி): 'விட்சர் 3' விளையாட்டை மிக எளிய நிலையில் ஆடி முடித்தேன். எனக்குச் சண்டை வராது, கதைக்காகவே ஆடினேன். "அது ஆடினதாகவே கணக்கில்லை" என்று அண்ணா சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. அதை அந்த விளையாட்டைக் கொண்டே காட்டலாம்.

போலந்தின் சி.டி. புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதத்தில் வெளியிட்ட அந்த விளையாட்டில் நான்கு கடினநிலைகள் உள்ளன. அவற்றுள் மிக எளியதற்கு ஆக்கியவர்களே 'கதை மட்டும்' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்நிலையில் எதிரியின் அடி மெல்ல விழும்; உங்கள் வாள் விரைவாக வேலையை முடிக்கும். இப்போது, வெலன் என்னும் போரால் சிதைந்த நாட்டில், குன்றின் உள்ளே மரத்தின் வேர்களுக்கு நடுவே சிறைப்பட்டிருக்கும் ஆவி, தன்னை விடுவித்தால் சதுப்புநிலத்து அனாதைப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் இடத்தை நினைத்துப் பாருங்கள். விடுவித்தால் பிள்ளைகள் பிழைக்கிறார்கள்; ஆனால் பக்கத்துக் கிராமம் அழிகிறது, அந்நாட்டை ஆளும் பரன் என்னும் பிரபுவின் மனைவி இறந்துபோகிறாள், பரனும் தூக்கிட்டுக்கொள்கிறான். ஆவியைக் கொன்றால் பிள்ளைகள் பறிபோகிறார்கள். மனைவி சித்தம் கலங்கிய நிலையில் உயிரோடு இருக்க, கணவன் அவளைக் கூட்டிக்கொண்டு தொலைதூரத்து வைத்தியர் ஒருவரைத் தேடிப் புறப்படுகிறான். இந்த முடிவின் பாரத்தை எந்தக் கடினநிலையும் ஓர் இறாத்தல்கூடக் குறைப்பதில்லை. அண்ணா எவ்வளவு கடினமான நிலையில் ஆடியிருந்தாலும், அந்தக் குன்றின் உள்ளே அவரும் உங்களைப் போலவே தயங்கி நின்றிருப்பார்.

வைகாசி விசாகப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு நடந்து போகிறவர்களும் உண்டு, பேருந்தில் போகிறவர்களும் உண்டு. நடந்தவருடைய நேர்த்தி அவருக்குப் பெரியது. அதற்காக, பேருந்தில் வந்து இறங்கியவர் அம்மனைக் காணவில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை.

அண்ணாவின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருப்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கடினமான நிலைகளில், ஒரு கொடும்விலங்கை எதிர்கொள்ளும் முன் அதைப் பற்றி வாசித்து, அதற்கேற்ற எண்ணெயை வாளில் பூசி, மருந்து வடித்துக்கொண்டு போகாவிட்டால் உயிர் தப்ப முடியாது. அந்த ஆயத்தம் கதாநாயகனுடைய தொழில். அதை நீங்கள் மேலோட்டமாகவே பார்த்திருப்பீர்கள். கடினநிலையை நடுவழியிலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், மறுமுறை ஆடும்போது ஒரேயொரு வேட்டையை மட்டும் ஒரு படி உயர்த்தி ஆடிப் பாருங்கள்; பிடிக்காவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம்.

கேள்வி (விசுவமடுவிலிருந்து ஒரு வாசகர்): போர்க்காலத்தில் வலக்கையின் மூன்று விரல்களை இழந்தேன். மடிக்கணினியில் இடக்கையால் மவுஸைப் பிடித்தே எல்லா வேலையும் செய்கிறேன். விரைவாக விசைகளை அழுத்தும் விளையாட்டுகள் எனக்குச் சரிவருவதில்லை. எனக்கேற்ற கதை விளையாட்டு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. நான் முதலில் சொல்ல விரும்புவது 2019இல் வெளிவந்த 'டிஸ்கோ எலீசியம்'. அதில் வழக்கமான சண்டை முறையே கிடையாது. நினைவிழந்து கண்விழிக்கும் ஒரு துப்பறிவாளராக நீங்கள் நகரத்தில் நடக்கிறீர்கள், மனிதர்களோடு பேசுகிறீர்கள். ஒரு கதவை உடைப்பதா, ஒருவருடைய பொய்யைக் கண்டுபிடிப்பதா என்ற இடம் வந்ததும் இரண்டு பகடைகள் உருளும். விழுந்த எண்ணோடு உங்கள் திறமையின் புள்ளி கூட்டப்படும். இரண்டிலும் ஆறு விழுந்தால் எப்போதும் வெற்றி, இரண்டிலும் ஒன்று விழுந்தால் எப்போதும் தோல்வி. வெள்ளை நிறத்தில் காட்டப்படும் முயற்சிகளைப் பின்னர் மீண்டும் செய்து பார்க்கலாம். சிவப்பு நிறத்தவை ஒரே முறைதான். தோற்றாலும் கதை நின்றுவிடாமல் வேறு பக்கமாகப் போகும். சில தோல்விகள் வெற்றியைவிட நல்ல காட்சிகளைத் தருவதையும் கண்டிருக்கிறேன். இவை அனைத்துக்கும் மவுஸ் போதும். எவ்வளவு நேரம் யோசித்தாலும் திரை உங்களுக்காகக் காத்திருக்கும். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வாசிக்க வேண்டியிருப்பது ஒன்றே இதிலுள்ள சிரமம்.

சண்டையும் வேண்டுமென்றால், ஆளுக்கொரு முறையாக நகரும் விளையாட்டுகளைத் தேடுங்கள். 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' அத்தகையது. அது ஏறத்தாழ 150 ஜிகாபைட் இடத்தைக் கேட்கும் என்பதால், தொலைபேசித் தரவை நம்பி இறக்குவதற்கு முன் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 2018இல் வெளியான 'பில்லர்ஸ் ஒஃப் இட்டர்னிட்டி 2' விளையாட்டின் வரலாறும் உங்கள் கேள்விக்குப் பொருந்தும். அதில் சண்டை முதலில் ஓடும் நேரத்திலேயே நடந்தது. இடையில் நிறுத்தி நிறுத்திக் கட்டளையிட வேண்டும். 2019 ஜனவரியில் ஆளுக்கொரு முறையாக ஆடும் இன்னொரு வழியை அதன் ஆக்குநர்கள் இலவசமாகவே சேர்த்தார்கள். கதையில் ஒரு வரியும் மாறவில்லை. ஆனால் அதுவரை அந்தக் கதைக்குள் நுழைய முடியாதிருந்த பலர் நுழைந்தார்கள்.

இத்தகைய தெரிவுகளைச் சிலர் சலுகை என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. பொதுக் கட்டடத்தின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டுவது எப்படிக் கடமையோ, அப்படியே இதுவும் கடமைதான்.

கேள்வி (துணுக்காயிலிருந்து ஒரு வாசகர்): 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டின் 'ஹானர் மோட்' ஆட ஆசை. எங்கள் பகுதியில் மின்சாரம் அடிக்கடி தடைப்படுகிறது. தொடங்கலாமா?

பதில்: மேசைக் கணினி என்றால் வேண்டாம். 2023 நவம்பர் இறுதியில் சேர்க்கப்பட்ட அந்த நிலையில், ஆடிய இடத்தைப் பதிந்துவைக்கும் சேமிப்பு ஒன்றுதான். பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை. அது எழுதப்படும் நொடியில் மின்சாரம் போய்க் கோப்பு பழுதானால், நாற்பது மணி நேர உழைப்பு எதிரியின் கையால் அல்லாமல் வீணாகும். மின்கலம் நன்றாக உள்ள மடிக்கணினி கிடைக்கும்வரை அதற்கு ஒரு படி கீழான நிலையில் ஆடுங்கள். பழைய சேமிப்புக்குத் திரும்புவதில்லை என்று நீங்களே உறுதி எடுத்துக்கொண்டால், அந்த அனுபவத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியை): என் மாணவர்கள் பேசும் விளையாட்டுகளில் எல்லாம் கொல்வதைத் தவிர வேறு வழியே இருப்பதாகத் தெரியவில்லை. கொல்லாமல் முடிக்கக்கூடிய ஒன்றைச் சொல்வீர்களா?

பதில்: 2015இல் டோபி ஃபொக்ஸ் வெளியிட்ட 'அண்டர்டேல்'. நிலத்தடியில் அரக்கர்கள் வாழும் உலகுக்குள் ஒரு பிள்ளை விழுந்துவிடுகிறது. எதிர்ப்படும் ஒவ்வொருவரோடும் சண்டையிடலாம். அல்லது பேசி, சமாதானப்படுத்தி, விட்டுவிடலாம். ஒருவரையும் கொல்லாமலே கடைசிவரை போக முடியும்.

தொடக்கத்திலேயே டோரியல் என்ற தாய் போன்ற ஒருத்தி வருகிறாள். பிள்ளைக்கு உணவு தந்து, உறங்க அறை தந்து, வெளியே போனால் ஆபத்து என்று வாசலை மறித்து நிற்கிறாள். அவளை விட்டுவிடும் தெரிவை ஒருமுறை அழுத்தினால் அவள் விலகமாட்டாள். திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும்; அதற்குள் பொறுமை இழப்பவர்கள் அவளை அடித்துவிடுகிறார்கள். நானும் அடித்தேன். அவள் விழுந்ததும் நெஞ்சு பதறி, சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய், இம்முறை காத்திருந்து அவளைக் காப்பாற்றினேன். அந்த வாசலைத் தாண்டியதும் ஒரு பூ தோன்றி, நான் முதலில் அவளைக் கொன்றதையும், வருந்தித் திரும்பி வந்ததையும் தனக்குத் தெரியும் என்கிறது. நான் அழித்துவிட்டதாக நினைத்த செயலை விளையாட்டு மறக்கவில்லை. தெரிவு என்றால் என்ன என்பதை அந்த ஒரு நொடியில் விளங்கிக்கொண்டேன். உங்கள் வகுப்பில் அந்தக் காட்சியைக் காட்டி, பிள்ளைகளைப் பேச விடுங்கள் ஆசிரியை. ஒரு பாடவேளை போதாது.

வரலாறு கற்பிப்பவராக இருந்தால், 'அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்' விளையாட்டில் 2018 பெப்ரவரியில் சேர்த்த சுற்றுலா முறையையும் பாருங்கள். சண்டை எதுவுமின்றிப் பண்டைய எகிப்தில் நடந்து திரியலாம்.

கேள்வி (வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்): 'ஃபயர் எம்பிளம்' விளையாட்டில், விழுந்த வீரர்கள் அடுத்த சண்டையில் திரும்பி வரும் எளிய முறை இருக்கிறது. இறந்தவர் திரும்பி வந்தால் கதையின் கனதி போய்விடாதா? எல்லாத் தெரிவுகளையும் நீங்கள் ஏன் ஆதரிக்கிறீர்கள்?

பதில்: எல்லாவற்றையும் ஒரே விதமாக நான் ஆதரிக்கவில்லை. உங்கள் கேள்வி அந்த வேறுபாட்டைச் சொல்ல இடம் தருகிறது.

'விட்சர் 3' விளையாட்டின் எளிய நிலை கையின் உழைப்பை மட்டும் குறைக்கிறது. 2012இல் வந்த 'மாஸ் எஃபெக்ட் 3' தொடக்கத்திலேயே மூன்று முறைகளைத் தந்தது. ஒன்றில் சண்டை மிக எளிதாகும். ஒன்றில் சண்டையும் உரையாடலும் முழுமையாக இருக்கும். மற்றதில் உரையாடல்களை விளையாட்டே நமக்காக முடிவு செய்துவிடும். அந்தக் கடைசி முறையை நான் ஒருவருக்கும் பரிந்துரைப்பதில்லை. முன்னைய பாகங்களிலிருந்து கூட வந்த தோழர்களிடம் என்ன சொல்வது என்ற முடிவை நம் கையிலிருந்து எடுத்துவிட்டால், அந்தக் கதையில் நமக்கு மிஞ்சுவது துப்பாக்கி மட்டுமே. ஆனாலும் அது இருக்கட்டும், வேண்டியவர் எடுக்கட்டும். எதை இழக்கிறோம் என்பதைத் தெரிவு செய்யும் முன்னரே தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நீங்கள் குறிப்பிட்ட முறை இந்த இரண்டிலும் சேராது. அந்தத் தொடரில் 2010இல் ஜப்பானில் வெளியான பாகத்தில் அது அறிமுகமானது. அதற்கு முன் விழுந்தவர் விழுந்தவரே. அங்கே ஆட்டவிதியே கதையின் ஒரு பகுதியாக இருக்கிறது என்பதால், அந்த ஆட்டவிதியை மாற்றும்போது கதையின் பொருளும் ஓரளவு மாறத்தான் செய்யும்; இதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆயினும், எங்கள் ஊர்களில் இழப்பை விளையாட்டிலும் திரும்பச் சுமக்க விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எளிய முறையை எடுத்தால் அதற்கு விளக்கம் கேட்கும் உரிமை எனக்கோ உங்களுக்கோ இல்லை.

நான் பழைய முறையிலேயே ஆடுகிறேன். 2012இல் வந்த 'அவேக்கனிங்' பாகத்தில், திருமணமாகும் முன் ஒரு பெண் வீரரைச் சண்டையில் பறிகொடுத்தேன். பல அத்தியாயங்கள் கழித்து, எதிர்காலத்திலிருந்து பிள்ளைகள் தத்தம் தாய்மாரைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவளுக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. தாய் அவ்வாறு இறந்தால் அவளுடைய பிள்ளை கதைக்குள் வரவே வராது என்பதை அப்போதுதான் அறிந்தேன். பழைய சேமிப்பு இருந்தது. நான் திரும்பிப் போகவில்லை.