காரைக்குடி பல்கலைக்கழகம் பக்கத்தில் பறவை பார்க்க எங்கே போகலாம்?

அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிறீர்கள் என்றால் முதலில் போக வேண்டிய இடம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம்தான். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போய், அங்கிருந்து மேலூர் சாலையில் போனால் அந்தச் சரணாலயத்தைச் சேர்ந்த கொள்ளுகுடிப்பட்டி கண்மாய் வரும், 1977-லிருந்து சரணாலயம். மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்த வருடம் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா (இராக்கொக்கு) எல்லாம் கருவேல மரங்களில் கூடு கட்டி, கிளையே தெரியாமல் அடைந்து கிடக்கும். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை, அதனால் நீங்களும் சத்தம் போடாமல் கரையிலேயே நின்று பாருங்கள்.

அவ்வளவு தூரம் முடியாதா? சரி, விடியற்காலையில் பக்கத்து ஊருணிக் கரைக்குப் போங்கள். மீன்கொத்தி, நீர்க்காகம் நிச்சயம்! அப்புறம் பொட்டல் பக்கம் மின்கம்பியைப் பாருங்கள், பனங்காடை உட்கார்ந்திருக்கும், பறக்கும்போது சிறகில் தெரியும் அந்த நீலத்தைத் தவற விடாதீர்கள்.