ஐவர் அணி ஆட்டத்தில் ரேட்டிங் ஏன் அசைய மறுக்கிறது?

வாசகர் கேள்வி: எட்டு மாதங்களாக ஐந்து பேர் கொண்ட அணிகள் மோதும் ஆன்லைன் விளையாட்டு ஒன்றில், தனியாக சோலோ க்யூவில் சேர்ந்து, தரவரிசை ஆட்டங்கள் ஆடி வருகிறேன். இதுவரை 600 ஆட்டங்கள். வெற்றி விகிதம் 51 சதவீதம். தொடக்கத்தில் சிறிது ஏறினேன். கடந்த மூன்று மாதங்களாக அதே படியில் நிற்கிறேன். நான்கு ஆட்டங்களில் தொடர்ந்து ஜெயித்தால் அடுத்த ஐந்தில் தோற்கிறேன். பாதிக்குப் பாதி தோற்க வேண்டும் என்பதற்காகவே மேட்ச்மேக்கிங் (ஆட்டக்காரர்களைத் தேடி இணைக்கும் கணினி முறை) மோசமான ஆட்டக்காரர்களை என் அணியில் சேர்த்துவிடுகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா? புதிய கணக்கு தொடங்கினால் மேலே போக முடியுமா?

பதில்: உங்கள் திறனுக்கு நிகரானவர்களை மேட்ச்மேக்கிங் கண்டுபிடித்துவிட்டால், வெற்றி விகிதம் தானாகவே பாதியை நோக்கி வந்து சேரும், அதற்காக யாரும் உங்களைத் தோற்கவைக்க வேண்டியதில்லை. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 600 ஆட்டங்களில் 51 சதவீதம் என்றால் 306 வெற்றி, 294 தோல்வி. மிஞ்சி நிற்பவை 12 வெற்றிகள். ஓர் ஆட்டத்துக்கு 25 புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால், எட்டு மாத உழைப்பில் நீங்கள் ஏறிய ஏற்றம் முழுவதும் அந்த 12 ஆட்டங்களின் 300 புள்ளிகள்தான். இதில் மனம் தளர ஒன்றுமில்லை. ஆனால் ரேட்டிங் என்னும் இந்தத் திறன் எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதனோடு மல்லுக்கட்டினால் நேரமும் நிம்மதியும் வீணாகும்.

இன்றைய ரேட்டிங் முறைகள் பெரும்பாலானவற்றுக்கு மூலம் சதுரங்கம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோ வகுத்த முறையை அமெரிக்க சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலக அமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. தாம் அளப்பது நிலையான ஒன்றை அல்ல என்பதை ஈலோ நன்கு உணர்ந்திருந்தார். அலையடிக்கும் நீரில் மேலும் கீழும் துள்ளும் ஒரு தக்கையின் இடத்தை, கயிற்றில் கட்டிக் காற்றில் ஆடும் அளவுகோலால் அளப்பதற்கு அவர் இதை ஒப்பிட்டார். ரேட்டிங்கைப் பற்றி எனக்குத் தெரிந்து இதைவிடத் துல்லியமான விளக்கம் வேறில்லை. தக்கையும் அசைகிறது, அளவுகோலும் அசைகிறது.

முறையின் உட்கரு எளிது. ஆட்டம் தொடங்கும் முன்பே, இருவருடைய ரேட்டிங் வித்தியாசத்தைக் கொண்டு யாருக்கு எவ்வளவு வெற்றி வாய்ப்பு என்று கணிக்கப்படுகிறது. ஆட்டம் முடிந்ததும், கணிப்புக்கும் முடிவுக்கும் இடையே உள்ள இடைவெளிக்கு ஏற்பப் புள்ளிகள் கைமாறுகின்றன. 100 புள்ளி கூடுதலாக உள்ளவருக்கு ஏறத்தாழ 64 சதவீத வாய்ப்பு, 200 என்றால் 76, 400 என்றால் 91. 1500 உள்ளவர் 1700 உள்ளவரை எதிர்கொள்வதாக வைத்துக்கொள்வோம்: சிறியவருக்கு 24 சதவீத வாய்ப்புதான். ஓர் ஆட்டத்தில் அதிகபட்சமாகக் கைமாறக்கூடியது 20 புள்ளி என்றால், அவர் ஜெயித்தால் 15 புள்ளி பெறுவார், தோற்றால் 5 இழப்பார். தோல்வி எதிர்பார்க்கப்பட்டதாக இருந்தால் அதன் விலை குறைவு. நிகரானவர்கள் மோதும்போது மட்டுமே ஏற்றமும் இறக்கமும் சமமாக 10, 10 என்று அமையும்.

ஈலோ முறையில் ஒரு குறை உண்டு. ஐந்து ஆட்டம் ஆடிய ஒருவரின் 1600க்கும், ஆயிரம் ஆட்டம் ஆடியவரின் 1600க்கும் உள்ள வேறுபாட்டை அந்த எண் மட்டும் காட்டாது. புள்ளியியலாளர் மார்க் கிளிக்மேன் 1995இல் வகுத்த கிளிக்கோ முறை, ரேட்டிங்கோடு அதன் நிச்சயமின்மையையும் விலகல் என்னும் ஓர் எண்ணாகச் சேர்த்து வைத்தது. ரேட்டிங் 1850, விலகல் 50 என்றால், அந்த ஆட்டக்காரரின் உண்மையான பலம் 1750க்கும் 1950க்கும் இடையே இருக்கிறது என்று 95 சதவீத உறுதியுடன் சொல்லலாம். புதியவருக்கு இந்த விலகல் 350இல் தொடங்கும்; ஆட ஆடச் சுருங்கும்; நெடுநாள் ஆடாமல் இருந்தால் மறுபடி விரியும். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உருவாகி 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360உடன் வந்த ட்ரூஸ்கில், இதே எண்ணத்தை அணி ஆட்டங்களுக்கு நீட்டித்தது. உங்கள் விளையாட்டு எந்தப் பெயரில் எந்த முறையைப் பயன்படுத்தினாலும் கணிப்பு, முடிவு, நிச்சயமின்மை ஆகிய மூன்றும் ஏதோ ஒரு வடிவில் அதற்குள் இருக்கும்.

உங்கள் கேள்வியின் முடிச்சு அணியில்தான் இருக்கிறது. நீங்கள் உண்மையிலேயே உங்கள் படியைவிட 200 புள்ளி மேலான ஆட்டக்காரர் என்று கொள்வோம். ஒற்றைக்கு ஒற்றை ஆட்டமாக இருந்தால் நான்கில் மூன்று ஆட்டங்களை ஜெயித்து, சில நாட்களில் மேலே போய்விடுவீர்கள். ஐவர் அணியில் அந்த 200 ஐந்தாகப் பங்கிடப்பட்டு, அணியின் சராசரியை 40 மட்டுமே உயர்த்துகிறது. 40 புள்ளி வித்தியாசத்துக்கு வெற்றி வாய்ப்பு 56 சதவீதம். அதாவது தெளிவாக மேலான ஒருவரே நூற்றுக்கு 44 ஆட்டங்களில் தோற்பார். ஆட்டத்துக்கு 25 புள்ளி என்ற கணக்கில், அவர் தம் இடத்துக்கும் தம் திறனுக்கும் உள்ள இடைவெளியில் பாதியைக் கடக்கவே ஏறத்தாழ 50 ஆட்டங்கள் பிடிக்கும். மீதியில் பாதியைக் கடக்க இன்னும் 50. இடைவெளி குறையக் குறைய ஏற்றமும் மெதுவாகிறது.

இதே கணக்கின் மறுபக்கம் பலருக்கும் வியப்பளிக்கும். திறன் துளியும் மாறாத ஒருவர், முழுக்க நேர்மையான மேட்ச்மேக்கிங்கில் ஆடிக்கொண்டே இருந்தாலும், வெறும் தற்செயலால் மட்டுமே அவருடைய எண் தன் நடுப்புள்ளியிலிருந்து சாதாரணமாக 150 புள்ளிகள் வரை மேலும் கீழும் அலையும். சில வேளைகளில் அதன் இரு மடங்கும் போகும். ஒரு வாரத்தில் 100 புள்ளி ஏறியவர் முன்னேறிவிட்டதாகவும், அடுத்த வாரம் 100 புள்ளி இறங்கியவர் கெட்டுவிட்டதாகவும் எண்ணுவது இயல்புதான். இரண்டு முடிவுக்கும் அந்த எண்ணில் ஆதாரம் இல்லை.

தொடர் தோல்விகளும் அப்படியே. நாணயத்தை 100 முறை சுண்டினால், தொடர்ந்து ஐந்து முறை பூ விழுவது எங்காவது ஓரிடத்தில் நிகழ்வதற்கான வாய்ப்பு சுமார் 81 சதவீதம். தொடர்ந்து ஆறு விழுவதற்கே பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. 600 ஆட்டங்களில் ஐந்து தொடர் தோல்விகளை நீங்கள் பலமுறை சந்தித்திருக்க வேண்டும். சந்திக்காமல் இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

இனி நண்பர்கள் சொல்வதைப் பார்ப்போம். அந்தச் சந்தேகம் வெற்றிடத்தில் முளைத்ததல்ல. பொருள் வாங்கத் தூண்டும் விதத்தில் ஆட்டக்காரர்களை இணைக்கும் முறை ஒன்றுக்கு 2017இல் ஆக்டிவிஷன் என்னும் விளையாட்டு நிறுவனம் காப்புரிமை பெற்றது. அதை எந்த விளையாட்டிலும் பயன்படுத்தவில்லை என்று அந்நிறுவனம் அப்போது கூறியது. அதே ஆண்டில், ஆட்டக்காரர் விளையாட்டை விட்டு விலகாமல் இருப்பதையே இலக்காக வைத்து ஜோடி சேர்க்கும் வழியைப் பற்றி எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்தது. ஆகவே இப்படிச் செய்வது தொழில்நுட்ப அளவில் இயலாத காரியமில்லை. நிறுவனங்கள் இன்னும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனாலும் உங்கள் எண்களை விளக்க அப்படி ஒரு சதி தேவைப்படவே இல்லை. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: உங்கள் அணியில் உங்களைத் தவிர நான்கு இடங்கள், எதிரணியில் ஐந்து. பாதியில் வெளியேறுபவரும் கோபித்துக்கொண்டு விட்டுக்கொடுப்பவரும் அந்த ஒன்பது இடங்களில் எங்கு வேண்டுமானாலும் வரலாம் என்பதால், அவர்கள் எதிரணிக்குப் போவதற்கே வாய்ப்பு சற்று அதிகம். நம் பக்கத்தில் நடப்பது வலிக்கிறது, நினைவில் நிற்கிறது. எதிர்ப்பக்கத்தில் நடந்ததை வெற்றி என்று மட்டும் எழுதிக்கொள்கிறோம்.

உங்கள் இடத்தைப் பற்றிக் கணினி என்ன நினைக்கிறது என்று அறிய ஒரு நேரடி வழி உண்டு. பல விளையாட்டுகளில் திரையில் தெரியும் பதக்கமோ படியோ ஒன்று, எதிராளியைத் தேர்ந்தெடுக்கப் பயன்படும் எம்எம்ஆர் என்னும் உள் எண் வேறொன்று. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் தொடக்கத்தில் ஈலோ எண்ணையே காட்டியது. 2013இல் அதை மறைத்துப் படிகளுக்கும் லீக் புள்ளிகளுக்கும் மாறியது. ஸ்டார்கிராஃப்ட் 2 நேர்மாறாக, 2010இல் லீக்குகளை மட்டும் காட்டித் தொடங்கி, 2016இல் எம்எம்ஆரை வெளியிட்டது. உள் எண் மறைந்திருக்கும் விளையாட்டுகளில், வெற்றிக்குக் கிடைக்கும் புள்ளியையும் தோல்விக்குப் போகும் புள்ளியையும் 20 ஆட்டங்களுக்குக் குறித்து வையுங்கள். வெற்றிக்கு 26, தோல்விக்கு 18 என்பது போல இருந்தால், உள் எண் உங்கள் படியைவிட மேலே இருக்கிறது. ஆடிக்கொண்டிருந்தாலே படி ஏறும். இரண்டும் சமம் என்றால் நீங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள். தலைகீழாக இருந்தால், உள் எண்ணுக்கு மேலே படி உங்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஏறுவதற்கு ஒரே வழி, உங்கள் திறன் மாறுவது. சிறிது காலத்துக்கு முன், உங்களைப் போலவே ஒரே படியில் நின்றுவிட்ட ஓர் இளைஞருடன் உட்கார்ந்து, அவர் தோற்ற ஆட்டம் ஒன்றின் பதிவை, அதாவது ரீப்ளேயைப் பார்த்தேன். சண்டை போட்ட சக ஆட்டக்காரரால்தான் அது தோற்றது என்று அவர் நம்பியிருந்தார். 14ஆவது நிமிடத்தில் நிறுத்தினேன். திரையின் ஓரத்தில் உள்ள சிறு வரைபடமான மினிமேப்பில் எதிரணியின் மூவரைக் காணவில்லை. அவரோ கணினி இயக்கும் சிறு படைவீரர்களான மினியன்களில் இன்னும் ஓர் அலையைத் தீர்த்துவிட்டுத் திரும்பலாம் என்று, வரைபடத்தின் நடுவே ஓடும் ஆற்றைத் தாண்டி முன்னே போய்க்கொண்டிருந்தார். பத்து விநாடிகளில் இறந்தார். அவர் மீண்டு வருவதற்குள் அவருடைய அணியின் காவல் கோபுரமான டவர் விழுந்தது. சக ஆட்டக்காரரின் வசை தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்த ஆட்டத்தில் அவர் ஒன்பது முறை இறந்திருந்தார். அவற்றில் ஆறு மரணங்களுக்கு முன்பும் மினிமேப் இதே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்கு நான் வேறு எந்த அறிவுரையும் தரவில்லை. அடுத்த 50 ஆட்டங்களுக்கு, மூவர் கண்ணில் படாதபோது ஆற்றைத் தாண்டுவதில்லை என்ற ஒரே விதியை மட்டும் கடைப்பிடிக்கச் சொன்னேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். தோற்ற ஆட்டங்களில் பத்தை எடுத்து, ஒவ்வொரு மரணத்துக்கும் முந்தைய பத்து விநாடிகளை மட்டும் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்று கிடைக்கும். அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே பொறுப்பில், இரண்டு அல்லது மூன்று பாத்திரங்களோடு நின்றுகொள்ளுங்கள். பத்துப் பாத்திரங்களை மாற்றி மாற்றி ஆடுபவருக்குப் பாதிக் கவனம் விரல்களுக்கே போய்விடுகிறது, வரைபடத்தைப் பார்க்க நேரம் மிஞ்சுவதில்லை. தொடர்ந்து இரண்டில் தோற்றால் அன்றைக்குத் தரவரிசை ஆட்டத்தை நிறுத்துங்கள். ஆட்டக்காரர்கள் குறைவாக இருக்கும் நள்ளிரவு நேரத்தைத் தவிருங்கள். நிகரானவர் கிடைக்காமல் காத்திருப்பு நீளும்போது மேட்ச்மேக்கிங் தேடும் எல்லையை அகலமாக்கிக்கொண்டே போகும், ஆட்டங்கள் சமனற்றவையாகிவிடும். ரேட்டிங்கை 100 ஆட்டங்களுக்கு ஒரு முறை மட்டும் குறித்து வைத்து, இடையில் மரணங்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். அது பெருமளவு உங்கள் கையில் இருப்பதால், ரேட்டிங்குக்கு முன்பே அசையத் தொடங்கும்.

புதிய கணக்கு வேண்டாம். அங்கே நிச்சயமின்மை பெரிதாக இருப்பதால் முதல் 20, 30 ஆட்டங்களில் எண் துள்ளிக் குதிக்கும். அதிர்ஷ்டம் கூடினால் இப்போதைய படிக்கு மேலேயும் நிற்கலாம். ஆனால் 200, 300 ஆட்டங்களில் அதே இடத்துக்கு இறங்கி வந்து சேரும். இதற்கிடையில், அப்போதுதான் விளையாடத் தொடங்கிய பலருடைய ஆட்டத்தை நீங்கள் கெடுத்திருப்பீர்கள். இப்படிப்பட்ட கணக்குகளை ஸ்மர்ஃப் என்று அழைத்து நிறுவனங்கள் முடக்குகின்றன. டோட்டா 2இல் மட்டும் 2023 செப்டம்பரில் 90,000 ஸ்மர்ஃப் கணக்குகளை வால்வ் நிறுவனம் நிரந்தரமாகத் தடைசெய்ததோடு, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் முதன்மைக் கணக்குகளையும் தண்டிக்க முடியும் என்று எச்சரித்தது. நீங்கள் 600 ஆட்டங்கள் ஆடிய கணக்கில், உங்களைப் பற்றிய மிகத் தெளிவான தகவல் ஏற்கெனவே இருக்கிறது. அதிலேயே தொடருங்கள், பத்து ரீப்ளேக்களைப் பார்த்த பின் எந்தப் பிழை அடிக்கடி வந்தது என்பதை எழுதி அனுப்பினால், அதற்கான பயிற்சியைத் தனியாகச் சொல்கிறேன்.