குழந்தையின் தலை கோணலாக இருக்கிறதா? வாசகர் கேள்விகளும் குழந்தை நல மருத்துவரின் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, குழந்தையின் தலை வடிவத்தைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். படத்தை மட்டும் அனுப்பி “டாக்டர், இது நார்மலா?” என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. தலைக் கோணலை உச்சிக்கு நேர் மேலே இருந்து பார்க்க வேண்டும். முகத்துக்கு நேராகச் சிரிக்க வைத்து எடுத்த படத்தில் சிரிப்பு மட்டும்தான் தெரியும்.

சுகப்பிரசவம். பிறந்து மூன்று நாள். தலை பின்பக்கம் கூம்பாக நீண்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். (மன்னார்குடி வாசகி)

பிறந்த குழந்தையின் மண்டையோடு பல தகடுகளாக இருக்கும். நடுவில் இணைப்புக் கோடுகள். பிரசவப் பாதையில் இறங்கும்போது தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தலையைக் குறுக்கிக்கொள்ளும். முதல் பிரசவம், நீண்ட நேர வலி என்றால் நீளம் இன்னும் கூடுதலாகத் தெரியும். சில நாளில் இறங்க ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். உச்சியில் மெத்தென்று வீக்கம் இருந்தால் அது நீர் கோத்தது. இரண்டு மூன்று நாளில் தானே வடியும். பார்க்க வருகிறவர்களைக் கை கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். தலையைப் பற்றிய கருத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

என் நாத்தனார் குழந்தைக்கு மட்டும் தலை எப்படி உருண்டையாக இருக்கிறது? அவளுக்குச் சிசேரியன்.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. குழந்தை அந்த நெருக்கலான வழியாக வரவில்லை.

பிரசவத்தில் குழந்தையை வாக்யூம் (தலையில் பொருத்தி இழுக்கும் உறிஞ்சு கருவி) வைத்து எடுத்தார்கள். மறுநாள் தலையில் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. ஊசி போட்டு உறிஞ்சினால் சரியாகும் என்கிறார் தெரிந்தவர். செய்யலாமா?

தெரிந்தவர் டாக்டரா? யாராக இருந்தாலும் சரி, ஊசி வேண்டாம். இது எலும்பை ஒட்டிய உறைக்கு அடியில் ரத்தம் கசிந்து கட்டியது. பிறந்த உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் எழும்பும். ஒரு எலும்போடு நிற்கும், இணைப்புக் கோட்டைத் தாண்டாது. கரைய சில வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். இடையில் ஓரம் கெட்டியாகி நடுவில் பள்ளம் விழுந்தது போல இருக்கும். எலும்பு உடைந்துவிட்டது என்று பயப்படுவார்கள், அப்படி இல்லை. ஊசி குத்தினால் சுத்தமாக இருக்கும் ரத்தத்தில் கிருமியைக் கொண்டுபோய் விட்டது போல ஆகும். ஒத்தடமும் மசாஜும்கூட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது மஞ்சள் காமாலையை. கட்டிய ரத்தம் கரையும்போது பிலிருபின், அதாவது காமாலையில் உடலை மஞ்சளாக்கும் பொருள், ஏறும். கண், தோல் மஞ்சளானால் காலை வெயிலில் காட்டிக்கொண்டு உட்காராமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

முதல் ஒன்றிரண்டு நாளில் வீக்கம் ஓரிடத்தில் நிற்காமல் தலை முழுக்கப் பரவி, காது, பிடரி வரை தொளதொளவென்று இறங்கினால், அல்லது குழந்தை வெளுத்துத் துவண்டால், அது வேறு விஷயம். உள்ளே நிறைய ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி.

பாப்பாவுக்குத் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறது. என்ன மருந்து கொடுக்கலாம்? (பெயர், ஊர் இல்லை)

வயதும் இல்லை! பிறந்து ஒரு வாரமா, நான்கு மாதமா, ஒன்றரை வயதா? மூன்றுக்கும் மூன்று பதில். மருந்து மட்டும் மூன்றுக்குமே கிடையாது.

எழுதும்போது வயது, மாதம் குறைந்து பிறந்ததா, தலைச்சுற்றளவு இந்த மூன்றையும் எழுதுங்கள். எடையைக் கிராம் சுத்தமாகச் சொல்கிறவர்கள் சுற்றளவைக் கேட்டால் விழிக்கிறார்கள். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் டேப் வைத்து அளந்து அட்டையில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பிறக்கும்போது சுமார் 34 செ.மீ. முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., அப்புறம் அரை செ.மீ. என்று ஏறி ஒரு வயதில் 45, 46 ஆகும். இந்தக் கணக்கை விட்டு ரொம்ப விலகிப் போனால்தான் எனக்குக் கவலை.

இரண்டரை மாதப் பையன். எப்போதும் வலது பக்கமே பார்த்துப் படுக்கிறான். வலது பின்மண்டை தட்டையாகிவிட்டது. (ஓசூர் தந்தை)

ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. முதலில் கழுத்தைக் கவனியுங்கள். கிலுகிலுப்பையை ஆட்டி இடது பக்கம் இழுத்தால் தாடை இடது தோள் வரை திரும்புகிறதா? பாதியில் நின்றால் ஒரு பக்கக் கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். சில குழந்தைகளுக்கு அந்தத் தசையில் சின்னக் கட்டியும் தட்டுப்படும். டாக்டரிடம் காட்டிவிட்டு, பிசியோதெரபிஸ்டிடம் நீட்டல் பயிற்சியை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. யூடியூப் பார்த்து நீங்களே கழுத்தைத் திருப்ப வேண்டாம்.

கழுத்து நன்றாகத் திரும்பினால் இது படுக்கைப் பழக்கம். அம்மா படுக்கும் பக்கம், ஜன்னல் வெளிச்சம், ஓடும் டிவி, இவற்றில் ஒன்று வலது பக்கம் இருக்கும். தலைமாடு கால்மாட்டை மாற்றிப் போடுங்கள். தூக்கும் தோளை மாற்றுங்கள். தூளியிலும் கார் சீட்டிலும் மணிக்கணக்கில் விடாதீர்கள். தூங்கும்போது மல்லாந்து, விழித்திருக்கும்போது பெரியவர் கண்முன்னே குப்புற. இதை இன்னும் சொல்வேன்.

தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வாங்கினோம். எத்தனை மாதம் வரை வைக்க வேண்டும்? கடுகா, கேழ்வரகா, எது நல்லது? (திருப்பூர் பாட்டி)

இரண்டும் வேண்டாம்மா. இன்றைக்கே எடுத்துவிடுங்கள், கடுகைத் தாளிக்க வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் நீண்ட நாள் கோபம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டி கையால் தைத்த தலையணை மீது அவ்வளவு கோபம் இல்லை. அதையே ஆயிரம் ரூபாய்க்கு, யானை படம் போட்டு, “தட்டைத் தலையைத் தடுக்கும்” என்று விற்கிறார்களே, அவர்கள் மீதுதான். சீமந்தத்துக்கு வரும் பரிசுப் பெட்டியில் இது இல்லாமல் இருப்பதில்லை.

தலையணை ஏன் வேலை செய்வது போலத் தெரிகிறது? நான்கு மாதத்தில் குழந்தைக்குக் கழுத்து நின்றுவிடும். ஐந்தாறு மாதத்தில் புரளும், அப்புறம் உட்காரும். தலை தரையில் அழுந்தும் நேரம் குறையும், உள்ளே மூளை வேகமாக வளரும், தட்டை மெல்ல நிரம்பும். தலையணை வைக்காத வீட்டிலும் இதேதான் நடக்கிறது. பெயர் மட்டும் கடுகுக்கு.

ஆபத்து எங்கே என்றால், கழுத்து நிற்காத குழந்தையின் தலையை உயர்த்தினால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுப் பாதை மடங்கும். முகம் பக்கவாட்டில் புதைந்தால் தானாக எடுத்துக்கொள்ளத் தெரியாது. தையல் விட்டால் கடுகு மூக்கிலும் காதிலும் போகும். தலை வடிவத்துக்காக விற்கும் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. ஒரு வயது வரை படுக்கையில் தலையணை, மெத்தென்ற பொம்மை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம்.

“அப்படியானால் குப்புறவே தூங்க வைக்கட்டுமா?” என்று அடுத்த கேள்வி வரும். கூடாது. 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் குழந்தைகளைக் குப்புறத் தூங்க வைக்காதீர்கள் என்றது. அதன் பிறகு அங்கே தூக்கத்தில் திடீரென்று இறக்கும் குழந்தைகள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். தட்டைத் தலை கூடியது என்பதும் உண்மை. இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குளிப்பாட்ட வரும் அம்மா தலையை உருட்டி, நெற்றியை அழுத்தி, மூக்கை இழுத்துவிடுகிறார். நல்லதுதானே?

மெதுவாக எண்ணெய் தடவட்டும், அதோடு சரி. அழுத்தி யாரும் மண்டையை வடிவமைக்க முடியாது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடவே வேண்டாம்.

உச்சிக்குழி துடிக்கிறது. எண்ணெய் வைத்தால் சீக்கிரம் மூடுமாமே?

துடிப்பது இயல்பு. அடியில் ஓடும் ரத்தத்தின் துடிப்புதான் அது. முன் உச்சிக்குழி 9 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடும், சிலருக்கு இரண்டு வயது ஆகும். பின்னால் இருக்கும் சின்னக் குழி இரண்டு மாதத்தில். எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வயிற்றுப்போக்கோடு குழி உள்வாங்கினால் நீர்ச்சத்து குறைந்துவிட்டது. காய்ச்சலோடு, அழாமல் நிமிர்த்தி வைத்திருக்கும்போதும் புடைத்து நின்றால் அன்றே, இரவானாலும், ஆஸ்பத்திரி.

மூன்று மாதம். தலை ஒடுங்கி நீளமாக இருக்கிறது, நடு உச்சியில் எலும்பு வரப்பு மாதிரி தட்டுப்படுகிறது. பிறந்ததிலிருந்தே இப்படித்தான். ஒரு வயது ஆகட்டும் என்கிறார்கள் வீட்டில். (காரைக்குடி வாசகி)

ஆக விடாதீர்கள். இந்த வாரமே காட்டுங்கள்.

இணைப்புக் கோடு ஒன்று முன்கூட்டியே ஒட்டிப்போயிருக்கலாம். சுமார் 2,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். அதிகம் ஒட்டுவது நடு உச்சிக் கோடுதான். பக்கவாட்டில் விரிய வழியில்லாமல் தலை முன்னும் பின்னும் நீளும். படுத்துப் படுத்து வரும் தட்டை, பிறந்து சில வாரம் கழித்துத் தொடங்கிப் பின்னால் குறையும். கோடு ஒட்டியதால் வரும் கோணல் பிறவியிலேயே இருந்து வளர வளரக் கூடும். மாதம் குறைந்து பிறந்து இன்குபேட்டரில் ஒருக்களித்துப் படுத்த குழந்தைகளுக்கும் தலை ஒடுங்கியிருக்கும், வரப்பு இருக்காது. அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் செய்வார்கள். சின்ன வெட்டில் கேமரா வைத்துச் செய்யும் முறைக்கு முதல் சில மாதங்களே தோது. குழந்தைகளுக்கான நரம்பியல் அறுவை நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும். சிடி ஸ்கேன் தேவையா என்பதையும் அவரே சொல்லட்டும், நீங்களாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஆறு மாதம். பின்மண்டை தட்டை. தலை வடிவத்தைச் சரிசெய்யும் ஹெல்மெட் போடச் சொல்கிறார்கள், லட்சத்துக்கு மேல் ஆகும் போலிருக்கிறது. போடலாமா?

படுக்கையால் வந்த சாதாரணத் தட்டைக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. நெதர்லாந்தில் 84 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஆறு மாதம், ஒரு நாளில் 23 மணி நேரம் ஹெல்மெட் மாட்டிப் பார்த்தார்கள். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. இரண்டு வயதில் இரு பிரிவுக் குழந்தைகளின் தலையும் ஏறக்குறைய ஒரே மாதிரி. முழுக்கச் சரியானது இரண்டிலும் நாலில் ஒரு பங்குக்குத்தான். மீதிப் பேருக்கும் தட்டை குறைந்திருந்தது. மிகக் கடுமையான கோணலும் கழுத்து இறுக்கமும் உள்ள குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. உங்கள் குழந்தை அந்த வகையா என்று ஹெல்மெட் விற்காத ஒரு டாக்டரிடம் கேளுங்கள்.

குப்புறப் போட்டால் ஒரு நிமிஷத்தில் வீறிட்டு அழுகிறாள். இரண்டு மாதம்.

ஒரு நிமிஷம் போதும், அதையே நாளில் பல தடவை செய்யுங்கள். பால் குடித்தவுடன் வேண்டாம். தரை பிடிக்கவில்லையென்றால் நீங்கள் சாய்ந்து படுத்து உங்கள் நெஞ்சின் மேல் போட்டுக்கொள்ளுங்கள், முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்குவாள். கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு மொத்தம் அரை மணி வரை கொண்டுபோகலாம். அப்படியே தூங்கிவிட்டால் படுக்கைக்கு மாற்றி மல்லாக்கப் போடுங்கள். நீங்களும் கூடவே தூங்கிவிடாதீர்கள்.