வீட்டுத் தோட்டம் கேள்வி பதில்: மாரியில் அழுகும் முருங்கை

கேள்வி: அக்கா, இரண்டு வருடமாக ஐப்பசியில் முருங்கைத் தடி நட்டேன். கார்த்திகை மழையில் ஒன்றைத் தவிர எல்லாம் அழுகிவிட்டன. தப்பிய அந்த ஒன்றும் ஆடிச் சோளகக் காற்றில் முறிந்து விழுந்தது. ஒருமுறை நட்டால் வருடக்கணக்கில் இலை தருவது எது?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, முருங்கையைக் கைவிட வேண்டாம். அது நிற்கும் இடத்தை மாற்றுங்கள்.

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நேரம், கண்டாவளைப் பக்கம் எங்கள் வளவிலும் நாலு நாள் முழங்காலளவு வெள்ளம். வேலியோரம் நின்ற மூன்று முருங்கையும் மஞ்சளாகி இலை கொட்டின. அடிமரத்தைப் பெருவிரலால் அழுத்தினேன். அவித்த மரவள்ளி மாதிரி உள்ளே போனது, புளித்த மணம் வேறு. நாலாவது மரம் கிணறு வெட்டிய மண்மேட்டில் நின்றது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் கூழுக்கு இலை அதில்தான் ஒடிக்கிறேன். தண்ணீர் தேங்கினால் வேருக்கு மூச்சு இல்லை, அதுதான் காரணம்.

இப்போது மாரி பிந்துகிறது, வந்தால் இரண்டு நாளில் கொட்டித் தீர்க்கிறது. அதனால் இரண்டடி உயரம், ஆறடி அகலத்தில் மேடு கட்டுங்கள். தையில் வெள்ளம் வடிந்ததும் அதில் தடி வேண்டாம், விதையையே ஊன்றுங்கள். தடிக்கு ஆணிவேர் கிடையாது. விதையில் வந்த மரம் ஆழம் போய்க் கோடையையும் காற்றையும் தாங்கும். பையில் முளைக்கவைத்து மாற்றினால் அந்த வேர் சுருண்டுவிடும். மூன்றடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். தாழ்வாகக் கிளைவிட்டால் சோளகத்தில் முறியாது, இலையும் கைக்கெட்டும். முதல் ஆடியில் மட்டும் தண்ணீர் தவறக்கூடாது; அடியைச் சீமைக்கிளுவை இலையால் மூடி விடுங்கள்.

மேட்டின் சரிவில் கறிவேப்பிலை. வேலியில் தூதுவளையும் குறிஞ்சாவும் படரட்டும். கிணற்றடி ஈரத்தில் வல்லாரை, பொன்னாங்காணி. பொன்னாங்காணியைத் தண்டாக ஊன்றினாலே போதும், பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். பள்ளமான மூலைக்கு அகத்தி. அது தண்ணீரைத் தாங்கும், ஆனால் ஆயுள் சில வருடம்தான். வருடா வருடம் இரண்டு விதை போட்டு வையுங்கள்.

முருங்கை விதை கடையில் தேட வேண்டாம். அயலில் நன்றாகக் காய்க்கும் மரத்தில் முற்றிக் காய்ந்த காய் ஒன்று கேளுங்கள். இந்த வருடக் காயாக இருக்கட்டும், பழைய விதை சரியாக முளைக்காது.