மூக்கில் கிருமி: மகளைக் கொஞ்சலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக அதற்கான ஏ.ஆர்.டி. கூட்டு மாத்திரை (டோலுடெக்ராவிர் என்ற மருந்து கலந்தது) சாப்பிடுகிறேன். வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, சி.டி.4 (எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை 540. குடலிறக்க அறுவைசிகிச்சைக்கு முன் செய்த பரிசோதனையில், மூக்கில் ‘ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். இணையத்தில் படித்துவிட்டு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டேன். எதிர்ப்பு சக்திக்குத் துத்தநாக மாத்திரையும் சாப்பிடுகிறேன். ஏ.ஆர்.டி. பலன் தரவில்லையா? மகளைத் தொடவே பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளைத் தாராளமாகக் கொஞ்சுங்கள். ஏ.ஆர்.டி. நன்றாகவே பலன் தருகிறது. வைரல் லோடு அறிக்கையே அதற்குச் சாட்சி. எந்த நோயும் இல்லாதவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் இந்தக் கிருமி இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் சற்று அதிகம், அவ்வளவுதான். துண்டு, ரேசர், நகவெட்டி மூன்றையும் தனியாக வைத்துக்கொண்டு, சோப்பு போட்டுக் கை கழுவினால் வீட்டுக்குப் போதும்.

அசித்ரோமைசினை யாரைக் கேட்டுச் சாப்பிட்டீர்கள்? அது மூக்கிலிருக்கும் கிருமியை ஒழிக்காது. மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்த்துவிடும். தேவைப்பட்டால் மூக்கினுள் தடவ முபிரோசின் களிம்பை அறுவைசிகிச்சை நிபுணரே எழுதித் தருவார். வழக்கமாக 5 நாட்களுக்குத்தான். சாப்பிட்ட மாத்திரையைப் பற்றி அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். துத்தநாகத்தையும் நிறுத்துங்கள். அதையோ அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமிலமுறி மருந்தையோ (ஆன்டாசிட்) டோலுடெக்ராவிருடன் சேர்த்து விழுங்கினால், டோலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது. நன்றாகப் பலன் தரும் மருந்தை நீங்களே கெடுத்துக்கொள்ளலாமா?

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தோலில் கட்டி வந்து, சுற்றியுள்ள சிவப்பு பரவுவது. கட்டியைப் பிதுக்காதீர்கள், மூக்கையும் மேலுதட்டையும் ஒட்டிய கட்டி என்றால் கையே வைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடிவிட்டு, சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போடுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ, இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கிருமி இரத்தத்தில் கலந்திருக்கக்கூடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அறுவைசிகிச்சைக்குப் பின் தையலைச் சுற்றிச் சிவந்தாலும், சீழ் வடிந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது, நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். மூக்கிலும் தொண்டையிலும் தங்கி நிமோனியாவைக் கொண்டுவரும் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி அது.